வராததைப் பார்க்கிறவர்

மெயின் சுவிட்சைக் கீழே இறக்கிப் பூட்டை மாட்டுகிறார். சாவியைக் கழுத்திலிருக்கும் நாடாவில் கோத்துக்கொள்கிறார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறார். அத்தோடு முடியவில்லை. மொட்டைமாடி மெஷின் ரூமிலிருந்து பதினோரு மாடியும் படியிறங்கித் தரைத்தளத்துக்கு வந்து, லிஃப்டைக் கூப்பிடும் பொத்தானை அமுக்கிவிட்டுக் கைகட்டி நிற்கிறார். விளக்கு எரியவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. ஒரு நிமிடம் முழுதாக நிற்கிறார். மின்சாரத்தையே நிறுத்திப் பூட்டிய பிறகு லிஃப்ட் எப்படி வரும் என்று கேட்டேன். கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வராதுன்னு தெரியும் சார். வராததைப் பாக்கணும்."

பிறகு மறுபடி பதினோரு மாடி ஏறுகிறார்.

லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்துநான்கு. எங்கள் குடியிருப்பின் லிஃப்டைப் பழுது பார்க்க வந்து ஐந்து நாள் இருந்தார். இந்த வருடம் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். மெஷின் ரூம் சாவி என்னிடம் இருப்பதால் ஐந்து நாளும் அவரோடு ஏறி இறங்கினேன். முதல் நாள் சாயங்காலத்துக்குள் அவருக்குப் 'பூட்டுக்காரர்' என்று பேர் விழுந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுக்கு முன்னாடி ஒரு எடத்துல பயந்தாங்கொள்ளின்னு கூப்பிட்டாங்க. இது தேவல," என்றார்.

ஒல்லியான உடம்பு. அதற்குப் பொருந்தாத பெரிய காதுகள். பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்கிறவரைப் போல லிஃப்ட் கதவில் ஒரு காதைப் பதித்துக்கொண்டு, "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருமுது" என்பார். பிரித்துப் பார்த்தால் அங்கேதான் கோளாறு இருக்கும். பையில் ஒவ்வொரு ஸ்பேனரையும் தனித்தனித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். சாயங்காலம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையை மூடுவார். ஒன்று குறைந்தால், அது கிடைக்கிறவரை கட்டடத்தில் யாருக்கும் லிஃப்ட் கிடையாது.

தான் சரிசெய்த லிஃப்டில்கூட அவர் ஏறுவதில்லை. சோதனைக்காக முதல் தடவை தனியாகப் போய் வருவார். அதற்குப் பிறகு படிதான். குடியிருப்பதும் தரைத்தளத்து வீட்டில். "எங்கக்காவுக்கு மாடில காத்தாட ஒரு வீடு வேணும்னு கொள்ளை ஆசை. இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு இருவத்தாறு வருஷமா தரையிலயே கெடக்கா," என்றார் அவருடைய மச்சினர்.

மச்சினர்தான் அவருக்குத் துணையாள். மனைவியின் தம்பி, நாற்பதைத் தாண்டியவர். இவர் எவ்வளவு ஒல்லியோ அவர் அவ்வளவு பருமன். இவர் நாள் முழுக்கப் பேசுகிறதை அவர் ஒரு மாடி ஏறுவதற்குள் பேசி முடித்துவிடுவார். அடுத்தடுத்த வீடு. காலையில் இரண்டு பேரும் கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொல்வாளாம்: "ரெண்டு பேரும் வந்துடுங்க." மறுபடி சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் செய்து அதையே சொல்வாள். நான்கு நாளும் என் காதாலேயே கேட்டேன்.

பூட்டு ஒன்றல்ல, இரண்டு. சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் இரும்புக் கொண்டியில் இரண்டு ஓட்டைகள். ஒன்றில் இவருடைய பூட்டு, சிவப்பு டேப் சுற்றியது. இன்னொன்றில் மச்சினருடையது, நீல டேப். அவரவர் வேலை முடிந்ததும் அவரவர் பூட்டை மட்டும் திறக்க வேண்டும். இரண்டும் கழன்றால்தான் சுவிட்சை மேலே தள்ள முடியும். அதாவது, லிஃப்ட் வந்து நிற்கும் இடத்துக்கும் அடியில் இருக்கும் குழியில் வேலை செய்கிற மச்சினர், தன் பூட்டைத் திறப்பதற்காக மட்டுமே பதினோரு மாடி ஏறி வர வேண்டும்.

"மாமா, என் சாவியையும் நீங்களே வெச்சுக்குங்களேன். என் முட்டி என்ன இரும்பா?"

"உன் உசுரு உன் கழுத்துல கெடக்கட்டும்டா."

"அது கழுத்துல இல்ல மாமா, முட்டிலதான் இருக்கு. போயிட்டே இருக்கு பாருங்க."

பழைய பூட்டுகள் துருப்பிடித்துவிட்டதால் இந்த வேலைக்கென்று மச்சினர் புதிதாக இரண்டு வாங்கி வந்திருந்தார். ஒரே அட்டையில் இரண்டு பூட்டு, இரண்டுக்கும் சாவிகள். பளபளவென்று இருந்தன. பூட்டுக்காரர் அவற்றைக் கையில் எடை பார்த்து, திறந்து மூடி, டேப் சுற்றி வைத்தார். நல்ல பூட்டு என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த ஐந்து நாளில் வந்த ஒரே பாராட்டு அதுதான்.

மெஷின் ரூமுக்குள் ஒரு சொல்லுக்கு மட்டும் தடை உண்டு. 'சான்ஸ்' என்று யார் சொன்னாலும் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மச்சினருக்கோ வாயைத் திறந்தால் அதுதான் வரும். வெயில் கொளுத்தினால் "சான்ஸே இல்ல." டீ நன்றாக இருந்தால் "சான்ஸே இல்ல." ஒரு திருகாணி கழல மறுத்தால் அதற்கும் "சான்ஸே இல்ல." "இவன் வாயாலேயே பதினாறு வருஷமா டீ குடிக்கிறேன் சார்," என்றார் பூட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவர் கை பக்கத்திலிருக்கும் சுவரைத் தேடுவதைக் கவனித்தேன்.

காரணத்தை இரண்டாம் நாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார். பையின் அடியிலிருந்து ஒரு தடித்த அகராதியை எடுத்தார். முதுகு பிய்ந்துபோனதற்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லிஃப்டோடு வரும் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் பழைய புத்தகக் கடையில் வாங்கினாராம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் போட்டு, அது எங்கிருந்து வந்தது என்றும் பொடி எழுத்தில் போட்டிருக்கும் வகை. "பொருள் தெரிஞ்சா வேலை ஓடிடும் சார். எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அதை நம்பலாமா வேணாமான்னு தெரியும்," என்றார்.

பதினாறு வருடத்துக்கு முன் வேறொரு கட்டடம். அவரோடு வேலை பார்த்த கூட்டாளி லிஃப்ட் கேபினின் தலைமேல் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மேலே சுவிட்சை இறக்கியிருந்தார்கள், பூட்டவில்லை. 'யார் வந்து போடப் போறா, சான்ஸே இல்ல' என்று கூட்டாளி சொன்னார். இவரும் சரி என்றார். யாரோ வந்து போட்டார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கூட்டாளி பிழைக்கவில்லை.

"அப்பறம் ஆபீஸ்ல இங்கிலீஷ்ல ஒரு ரிப்போர்ட் எழுதினாங்க சார். அதுல ரெண்டு வார்த்தையை உள்ளங்கையில எழுதிக்கிட்டு வந்தேன். ஒண்ணு சான்ஸ். இன்னொண்ணு ஆக்சிடென்ட். வீட்டுக்கு வந்து ரெண்டையும் தேடினேன். ரெண்டும் ஒரே எடத்துல போய் நின்னுச்சு."

"எங்கே?"

"விழறதுல."

பொடி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். லத்தீன் மொழியில் விழுவதைக் குறிக்கும் ஒரு வினை. அதிலிருந்து, பகடை விழுகிற விதத்துக்கு ஒரு பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நேர்ந்தது, நடந்தது என்ற அளவில் பொருள். பிறகு அதிர்ஷ்டம். பிறகு வாய்ப்பு. பிறகு, நடந்தாலும் நடக்கும் என்கிற கணக்கு. ஆக்சிடென்டும் அதே வினையின் வயிற்றில் பிறந்ததுதான். போலீஸ்காரர் போடுகிற 'கேஸ்'கூட அந்த வழியில் வந்தது என்றார். "குடும்பமே விழுந்த குடும்பம் சார்."

அகராதியை மூடி மடியில் வைத்தார். "நாம மட்டும் என்ன? லாட்டரி விழுந்துச்சுங்கறோம். குலுக்கல்ல பேர் விழுந்துச்சுங்கறோம். பகடையில ஆறு விழுந்துச்சுங்கறோம். ஏறிச்சுன்னு யாராவது சொல்றாங்களா? நல்லதும் விழுந்துதான் வருது, கெட்டதும் விழுந்துதான் வருது. வந்துக்கிட்டு இருக்கும்போது அண்ணாந்து பாத்தா எதுன்னு தெரியாது சார்."

"எனக்கு லாட்டரி விழுந்தா நான் ஏன் மாமா உங்க பின்னாடி படி ஏறுறேன்?" என்றார் மச்சினர், வாய் நிறையச் சோற்றோடு. கூட்டாளி போன பிறகு, வேலையில்லாமல் இருந்த மச்சினரைத் தன்னோடு அழைத்துக்கொண்டவர் பூட்டுக்காரர்தான். மனைவி வேண்டாம் என்று மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அழைத்து வந்தாராம். அவர் பூட்டை வாங்கியது அந்த வாரம்.

மெஷின் ரூமின் தரையில், லிஃப்டின் இரும்புக் கயிறுகள் இறங்கும் இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியே பார்த்தால் பதினோரு மாடிக்கு வெறும் இருட்டு. மச்சினர் கீழே குழிக்குள் இருக்கும்போது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பூட்டுக்காரர் அங்கே குனிந்து குரல் கொடுப்பார்.

"மாப்ளே, இருக்கியா?"

பதில் கயிற்றைப் பிடித்து ஏறி வருவதுபோல் தாமதமாக வரும். "இல்ல மாமா, வெளியூர் போயிருக்கேன்!" அல்லது, "இருந்தா மட்டும் என்ன குடுக்கப் போறீங்க?" எதுவாயிருந்தாலும் சரி, குரல் வந்தால் போதும். நிமிர்ந்து வேலையைத் தொடர்வார்.

நான்காம் நாள் பிற்பகல்.

குழியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. உள்ளே நிற்கிறவர் அதை அமுக்கினால் லிஃப்ட் எங்கிருந்தாலும் நின்றுவிடும். தண்ணீர் தேங்கி அது செத்துப்போயிருந்தது. அதை மாற்றத்தான் மச்சினர் இறங்கியிருந்தார். குழி அவர் மார்பளவுதான், தலை லிஃப்ட் வந்து நிற்கும் இடத்தில் இருக்கும். குழந்தைகள் யாரும் தவறி விழுந்துவிடக் கூடாது என்று தரைத்தளக் கதவை உள்ளிருந்தே சாத்தியிருந்தார். மேலே பூட்டுக்காரர் கண்ட்ரோல் பெட்டியைத் துடைத்து முடித்தார். அன்றைக்கு அவர் பங்கு முடிந்தது. இனி அவர் பூட்டு தேவையில்லை. மச்சினருடைய பூட்டு அவர் ஏறி வருகிறவரை இருக்கும்.

பூட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. என்றும் இவர் பூட்டு இடப்பக்கம்தான் தொங்கும். அன்று காலை மச்சினர் முந்திக்கொண்டு அங்கே தன் பூட்டை மாட்டியிருந்தார். பூட்டுக்காரர் பழக்கத்தில் இடப்பக்கப் பூட்டைப் பிடித்து, கழுத்துச் சாவியைப் போட்டுத் திருப்பினார். திறந்தது. கழற்றிக் கையில் எடுத்தார்.

நீல டேப்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு, சாவிமேல்தான் தவறு என்பதுபோல், அதே சாவியைச் சிவப்பு டேப் பூட்டில் போட்டார். அதுவும் திறந்து கையோடு வந்தது. கொண்டி விடுபட்டுக் கீழே தொங்கியது.

நான்கு நாள் பார்த்து எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் ஒன்றுதான்: இரண்டு பூட்டும் கழன்றால் வேலை முடிந்தது. காலையிலிருந்து பத்தாவது மாடி அம்மாள் எனக்கு ஏழு முறை போன் செய்துவிட்டார். "போட்டுடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்தேன்.

அவர் திரும்பினார். கையிலிருந்த பூட்டால் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். நான் கையை உதறிக்கொண்டு பின்னால் போனேன். அவர் முதுகைச் சுவிட்சின்மேல் சாய்த்து நின்றார். வாய் திறந்திருந்தது. "கீழ இருக்கான்," என்றார். யாரோ தூக்கத்தில் சொல்வதுபோல் இருந்தது. "அவன் கீழ இருக்கான் சார்."

எங்கள் லிஃப்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. மின்சாரம் வந்தால் யாரும் கூப்பிடாமலே தரைத்தளம் வரை ஒரு முறை போய், தன் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்.

இரண்டு பூட்டையும் மறுபடி மாட்டினார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. கொண்டியின் ஓட்டை அவர் கைக்கு அகப்படவில்லை. பிறகு தரையில் மண்டியிட்டுக் கயிற்று ஓட்டையில் வாயை வைத்தார்.

"மாப்ளே, இருக்கியா?"

ஒன்றும் வரவில்லை.

"மாப்ளே!"

இருட்டுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. அதன்பின் ஏறி வந்தது மச்சினரின் குரல், உற்சாகமாக: "இல்ல மாமா! செத்து அரை மணி நேரம் ஆச்சு! டீ எங்க?"

பூட்டுக்காரர் அப்படியே நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார்.

"மேல வா," என்றார், நிமிராமல்.

"இன்னும் பத்து நிமிஷம் மாமா..."

"மேல வாடா!"

மச்சினர் மூச்சிரைக்க ஏறி வந்து, நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தார். "ஒரே அட்டைல வாங்கினா ஒரே சாவிதான் போல. கடைக்காரன் மொட்டை அடிச்சுட்டான்!" தன் சாவியை எடுத்துச் சிவப்புப் பூட்டில் போட்டார். திறந்தது. பூட்டினார். நீலத்தில் போட்டார். திறந்தது. மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை அவர் சிரிப்பு நின்றது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"மாமா, கீழ அந்தப் பட்டனைக் கழட்டிட்டு ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி வெச்சிருந்தேன்."

பூட்டுக்காரர் அவரைப் பார்த்தார். ஒயர்கள் பிரிந்து கிடந்தால் மின்சாரம் வந்தாலும் லிஃப்ட் நகராது; முறுக்கிவிட்டதால் குழியில் கடைசியாக மிச்சமிருந்த தடையும் அப்போது இல்லை.

"மேலதான் ரெண்டு பூட்டு இருக்கே, அதுக்கு..." மச்சினர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய சொல் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அன்று அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. ஐந்து மணிக்கு போன் அடித்தது. பூட்டுக்காரர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மச்சினரிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

"வர்றோம்க்கா," என்றார் மச்சினர். அந்தப் பக்கம் என்னவோ கேட்டாள். "என் குரலுக்கு என்ன? ஒண்ணுமில்லக்கா. ஆமா, ரெண்டு பேரும்தான்."

ஐந்தாம் நாள் புதுப் பூட்டுகளோடு வந்தார்கள். இரண்டையும் வெவ்வேறு தெருவில், வெவ்வேறு கடையில் வாங்கியிருந்தார்கள். ஒன்று பித்தளை, ஒன்று இரும்பு. பூட்டுக்காரர் தன் சாவியை மச்சினரின் பூட்டில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மச்சினர் தன் சாவியை அவர் பூட்டில் வைத்துப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை. பிறகு பூட்டுக்காரர் இரண்டு சாவியையும் என்னிடம் கொடுத்து, "நீங்க ஒரு தடவை பாருங்க சார்," என்றார். பார்த்தேன். என் மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்ததை அவர் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

தரைத்தளத்துக்கு இறங்கிப் பொத்தானை அமுக்கி, வராததைப் பார்த்தார். இந்தத் தடவை மச்சினரும் பக்கத்தில் கைகட்டி நின்றார். பூட்டுக்காரர் திரும்பியும் அவர் அசையாமல் இன்னொரு நிமிடம் நின்றார்.

மச்சினர் பொத்தானைப் பொருத்தவும் தேங்கிய தண்ணீரை இறைக்கவும் குழிக்குள் இறங்கிய பிறகு மேலே பூட்டுக்காரருக்கு எண்ணெய் போடும் வேலை பாக்கியிருந்தது. அவர் பையைத் திறக்கவே இல்லை. சுவிட்சுக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, கையை உயர்த்தி இரண்டு பூட்டையும் சேர்த்து ஒரு பிடியாகப் பிடித்துக்கொண்டார். தரையிலிருக்கும் கயிற்று ஓட்டை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பத்து நிமிடம் ஐந்தாகி, ஐந்து இரண்டாயிற்று.

"இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"மாப்ளே, இருக்கியா?"

"இருக்கேன்."

ஒரு தடவைகூட வேறு பதில் வரவில்லை. டீ கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம் அப்படியே போயிற்று. கை மரத்துப்போகும், மாற்றிப் பிடியுங்கள் என்று நான் சொன்னதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வேலை முடிந்து மச்சினர் ஏறி வந்து வாசலில் நின்றார். சட்டை முழுக்கக் குழித் தண்ணீர். கழுத்திலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, தன் பூட்டைத் திறக்கப் பக்கத்தில் வந்தார்.

"மாமா, வந்துட்டேன். விடுங்க."

பூட்டுக்காரர் விடத்தான் பார்த்தார். கை பிரியவில்லை. தன் கையையே அண்ணாந்து பார்த்தார், அது வேறு யாருடையதோ போல.

மச்சினர் சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.